பிற பண்பாட்டினரோடு மதிப்போடும் பரிவோடும் பழகுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1998ஆம் ஆண்டில் மெலனி டெர்வலோன், ஜான் முர்ரே-கார்சியா என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு சிறு நிகழ்ச்சி இடம்பெற்றிருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரமே ஆன, லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண் ஒருவர் வலியால் முனகிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வலி கடுமையாக இருப்பதுபோல் தெரிகிறதே என்று, தாமும் லத்தீன் வழிவந்தவரான மருத்துவர் ஒருவர் செவிலியரிடம் கேட்கிறார். செவிலியரோ, பல்வேறு பண்பாட்டு நோயாளிகளைப் பற்றிய பாடத்தைத் தாம் படித்திருப்பதாகவும், அந்தச் சமூகத்தார் வலியை மிகைப்படுத்திக் காட்டுவார்கள் என்று அதில் கற்றதாகவும் கூறி அந்தக் கருத்தைத் தள்ளிவிடுகிறார்.

இந்தச் செவிலியரை அறியாதவர் என்று சொல்ல முடியாது. அவர் படித்தவர், படித்ததை நினைவில் வைத்திருந்தவர். அந்தப் படிப்பே கட்டிலில் கிடந்த பெண்ணுக்கும் அவருக்கும் நடுவே திரையாக விழுந்தது. பிற பண்பாட்டினரிடம் நடந்துகொள்ளும் முறை பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை, எந்த நாட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்னும் பட்டியல்களாகவே இருக்கின்றன. அவை வேண்டியவைதாம், ஆனால் இரண்டாம் நிலையில் வைக்க வேண்டியவை. எதிரில் இருப்பவரைப் பற்றி முடிவெடுக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்வதும், தெரியாததை அவரிடமே பண்போடு கேட்டறிவதும் அதற்கு முன்னே வரவேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. படிகள் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன.

முதல் படி: உங்கள் பண்பாட்டை முதலில் பாருங்கள்

பண்பாடு என்பது பிறரிடம் இருப்பது, நம்மிடம் இருப்பது இயல்பு என்றே ஒவ்வொருவரும் நினைக்கிறோம். தன் குழுவை நடுவில் வைத்து உலகத்தையெல்லாம் அதைக்கொண்டு அளக்கும் இந்தப் போக்கை, அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கிரகாம் சம்னர் 1906இல் விரித்து எழுதினார். தன்னின மையவாதம் என்று தமிழில் வழங்கும் கருத்து அது. அது தீயவர்களிடம் மட்டும் காணப்படும் குணமன்று. வளர்ப்பின் வழியே எல்லாருக்கும் வந்து சேர்வது.

அதைக் கண்டுகொள்ள ஓர் எளிய பயிற்சி உண்டு. ஒரு தாளை எடுத்து, உங்களை எரிச்சலூட்டும் பிறர் நடத்தைகளில் பத்தை எழுதுங்கள்: குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் கழித்து வருவது, பேச்சின் நடுவே குறுக்கிடுவது, நன்றி சொல்லாமல் வாங்கிக்கொள்வது, மிக அருகில் வந்து நிற்பது. பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது தவறு என்று உங்களுக்கு யார், எந்த வயதில் கற்பித்தார் என்று எழுதுங்கள். பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் வயதும் கிடைத்துவிடும். கற்பிக்கப்பட்ட ஒன்று வேறிடத்தில் வேறு மாதிரியாகவும் கற்பிக்கப்பட்டிருக்கலாம் என்பது அப்போது விளங்கும்.

அருகில் நிற்பதையே எடுத்துக்கொள்வோம். 42 நாடுகளில் ஏறத்தாழ 9,000 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், முன்பின் அறியாதவர் எவ்வளவு தொலைவில் நின்றால் இயல்பாக இருக்கும் என்று கேட்கப்பட்டது. அர்ஜென்டினாவில் கிடைத்த சராசரி முக்கால் மீட்டர் அளவு; ருமேனியாவில் அது 1.3 மீட்டருக்கும் மேல். இவ்விரு நாட்டவரும் நின்று பேசினால் ஒருவர் நெருங்க நெருங்க மற்றவர் பின்வாங்குவார். பின்வாங்குபவர் நெருங்குபவரை அத்துமீறுபவர் என்றும், நெருங்குபவர் பின்வாங்குபவரை ஒட்டாதவர் என்றும் எண்ணிக்கொண்டு பிரிவார்கள். இருவரிலும் தவறு செய்தவர் யாருமில்லை.

இரண்டாம் படி: கண்டதையும் கருதியதையும் பிரித்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள நேரமிருக்கிறது என்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். எந்த நிகழ்வையும் மூன்று அடுக்காகப் பிரிக்கலாம்: கண்டது, கருதியது, தீர்ப்பிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் உங்களிடம் பேசும்போது உங்கள் கண்களைப் பார்க்கவில்லை என்பது கண்டது. எதையோ மறைக்கிறார் என்பது கருதியது. நம்பத்தகாதவர் என்பது தீர்ப்பு. மனம் இந்த மூன்றையும் ஒரே நொடியில் கடந்து, தீர்ப்பையே கண்ணால் கண்டதாக நம்பிவிடுகிறது. பண்பாடு மாறும் இடங்களில் நேரும் மனவருத்தங்களில் பெரும்பகுதி இந்தத் தாவலில்தான் பிறக்கிறது.

தாவலைத் தடுக்க, கண்டதற்கு வேறு மூன்று விளக்கங்களைத் தேடுங்கள். மூத்தவரை நேருக்கு நேர் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று அவர் வளர்க்கப்பட்டிருக்கலாம். அவருக்குப் பழக்கமில்லாத மொழியில் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கலாம். இரவு தூங்காமல் இருந்திருக்கலாம். இந்த மூன்றில் ஒன்றாவது பண்பாட்டோடு தொடர்பில்லாததாக இருக்கட்டும். அவ்வாறு செய்யாவிட்டால், அயலவர் ஒருவரின் தலைவலியைக்கூட அவருடைய நாட்டின் மரபாக்கிவிடுவோம். நாம் தாமதமாக வந்தால் பேருந்தைக் குறை சொல்வதும், பிறர் தாமதமாக வந்தால் அவர் குணத்தைக் குறை சொல்வதும் மனித இயல்பு. உளவியலாளர் லீ ராஸ் 1977இல் இத்தகைய சாய்வுக்கு ‘அடிப்படைக் காரணப்பிழை’ என்ற பொருளில் பெயரிட்டார். அந்த ‘பிறர்’ வேற்றுப் பண்பாட்டினராக இருக்கும்போது, பழி அவர் ஒருவரோடு நில்லாமல் அவரைச் சேர்ந்த அனைவர் மீதும் போய் விழுகிறது.

மூன்றாம் படி: பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

மரியாதையின் மிக மலிவான, மிகுந்த பலன் தரும் வடிவம் இதுவே. ஆனாலும் மிகுதியாகத் தவறவிடப்படுவதும் இதுதான். ‘தமிழ்’ என்ற சொல்லைப் பிறர் ‘டமில்’ என்று சொல்லக் கேட்டு உள்ளுக்குள் நெளிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்கு ழகரம் எப்படியோ, அப்படி ஒவ்வொருவர் பெயரிலும் நம் நாவுக்குப் பழகாத ஓர் ஒலி இருக்கக்கூடும்.

அறிமுகமாகும்போதே, ‘உங்கள் பெயரை இன்னொரு முறை மெதுவாகச் சொல்ல முடியுமா? நான் சரியாகச் சொல்லப் பழக வேண்டும்’ என்று கேளுங்கள். அங்கேயே ஒருமுறை சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஒலியை உங்கள் எழுத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் பெயர் மிகக் கடினம், நான் சுருக்கிக் கூப்பிடட்டுமா?’ என்பது சொல்பவருக்கு வேடிக்கை. அதையே நூறாவது முறையாகக் கேட்பவருக்கு அப்படியன்று. அவரே ஒரு சுருக்கப் பெயரைத் தந்தால் ஏற்றுக்கொள்ளலாம். நாமாக வைக்கக்கூடாது.

பெயரின் அமைப்பும் இடத்துக்கிடம் மாறும். சீனம், கொரியம், ஹங்கேரியம் ஆகிய மொழிகளில் குடும்பப் பெயர் முதலில் வரும். வியட்நாமிலும் அது முதலில்தான் வரும். எனினும் ஒருவரை மரியாதையாக அழைக்கும்போதும் கடைசியில் உள்ள அவருடைய சொந்தப் பெயரையே பயன்படுத்துவார்கள். ஸ்பானிய மரபில் தந்தை வழியில் ஒன்றும் தாய் வழியில் ஒன்றுமாக இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே இல்லை. தந்தை அல்லது தாயின் பெயரிலிருந்து உருவான பெயரே பின்னால் வருகிறது. இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயரோடு வாழ்பவர்கள் பலர். ஆகவே படிவம் தயாரிப்பவர்கள், ‘முதற்பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்குவதை விட்டு, முழுப்பெயருக்கு ஒரு கட்டமும், ‘உங்களை எப்படி அழைக்க வேண்டும்?’ என்பதற்கு ஒரு கட்டமும் வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நான்காம் படி: கற்பனை செய்யாதீர்கள், கேளுங்கள்

‘உன்னை அவர் இடத்தில் வைத்துப் பார்’ என்பது நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த அறிவுரை. நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் 2018இல் தால் எயல், மேரி ஸ்டெஃபெல், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 25 சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறர் இடத்தில் தம்மை வைத்துக் கற்பனை செய்தவர்கள் அவர் மனத்தைக் கூடுதல் துல்லியத்தோடு அறிந்ததாக அவற்றில் தெரியவில்லை. அவரிடமே பேசித் தெரிந்துகொண்டபோதுதான் துல்லியம் கூடியது. காரணம் எளிது. அவர் இடத்தில் நம்மை வைத்தால், அங்கே உட்கார்ந்திருப்பது அப்போதும் நாம்தான். பண்பாட்டு இடைவெளி பெரிதாகப் பெரிதாக இந்தக் கற்பனை மேலும் வழிதவறும் என்றே நான் கருதுகிறேன்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆர்வம் விசாரணையாக மாறுவது கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும். ‘நீங்கள் எந்த ஊர்?’ என்ற கேள்விக்கு ஒருவர் விடை சொன்ன பிறகு, ‘இல்லை, உண்மையில் எந்த ஊர்?’ என்று மறுபடி கேட்பது, ‘நீ இங்குள்ளவன் அல்லன்’ என்ற அறிவிப்பாகவே அவர் காதில் விழும், குறிப்பாக அவர் அங்கேயே பிறந்தவராக இருந்தால். அதைத் தவிர்க்கச் சில வழிகள் உண்டு. முதலில் உங்களைப் பற்றி ஓரிரு செய்திகளைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ‘உங்கள் மக்கள் இதைப் பற்றி என்ன நினைப்பார்கள்?’ என்று கேட்காமல், ‘உங்களுக்கு எது வசதி?’ என்று கேளுங்கள். ஒருவர் தம் சமூகத்தின் தூதராக வேலைக்கு வரவில்லை. விடை சொல்லாமலிருக்க இடம் விடுங்கள்: ‘சொல்ல விருப்பமில்லை என்றால் பரவாயில்லை’ என்னும் ஒரு தொடர் போதும். அடிப்படைச் செய்திகளை நீங்களே முன்கூட்டிப் படித்துக்கொள்வதும் மரியாதையே. ஒரு நூலகத்தில் பத்து நிமிடத்தில் கிடைக்கும் விவரத்தை ஒருவரிடம் கேட்டு அவர் உணவு இடைவேளையைத் தின்றுவிடக்கூடாது.

கேட்டபின் கிடைத்த விடையை நம்புவதும் இதில் அடங்கும். ‘நான் அந்த நோன்பைக் கடைப்பிடிப்பதில்லை’ என்று ஒருவர் சொன்னால், அவர் சமயத்தை அவருக்கே கற்பிக்கத் தொடங்காதீர்கள்.

ஐந்தாம் படி: மொழியில் கவனம் வையுங்கள்

உங்கள் மொழி அவருக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாக இருந்தால், மெதுவாகப் பேசுங்கள், உரக்க அல்ல. அவருக்குக் காது கேட்கிறது. சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். மரபுத்தொடர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்: ‘கை கொடுத்தார்’, ‘கை விரித்தார்’, ‘கை கழுவினார்’ என்னும் மூன்றும் வெவ்வேறு பொருள் தருவதை அகராதி வைத்துப் பேசுபவர் எப்படி அறிவார்? ‘புரிந்ததா?’ என்ற கேள்விக்குப் பலரும் மரியாதை கருதி ‘புரிந்தது’ என்றே சொல்வார்கள். ‘நாம் பேசியதில் முதலில் எதைச் செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்டால் உண்மை நிலை தெரியும். மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தால் அவரைப் பார்த்துப் பேசாமல் உரியவரைப் பார்த்துப் பேசுங்கள். மருத்துவம், சட்டம் போன்ற கனமான செய்திகளுக்கு அவர் வீட்டுக் குழந்தையை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள்.

தமிழில் பேசுவோருக்குக் கூடுதலாக ஒரு கருவி கையில் இருக்கிறது. கேட்பவரை உள்ளடக்கும் ‘நாம்’ ஒன்று, அவரை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ ஒன்று என்று இரண்டு சொற்கள் நமக்கு உண்டு. ‘நாங்கள் இங்கே இப்படித்தான் செய்வோம்’ என்பதற்கும், ‘நாம் இதை எப்படிச் செய்யலாம்?’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை, தமிழ் கற்கத் தொடங்கிய அயலவர்கூட விரைவில் உணர்ந்துவிடுவார். அதுபோலவே, வேற்று நாட்டுத் தொழிலாளரைக் கண்டவுடன் வயது பாராமல் ‘நீ’ என்று தொடங்கும் பழக்கத்தை எந்தப் பண்பாட்டு வேறுபாடும் நியாயப்படுத்தாது.

அடுத்தது மௌனமும் மறுப்பும். மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் ஒரு வேறுபாட்டை விளக்கினார்: சில சமூகங்களில் சொல்லவேண்டியதெல்லாம் சொற்களிலேயே இருக்கும், வேறு சிலவற்றில் உறவு, சூழல், தொனி, சொல்லாமல் விட்டது ஆகியவற்றில் பெரும்பகுதி இருக்கும். இரண்டாம் வகையில் வளர்ந்தவர் ‘பார்க்கலாம்’, ‘சற்றுக் கடினம்’ என்று சொன்னால் அது முழு மறுப்பாகவே இருக்கலாம். முதல் வகையில் வளர்ந்தவர் ‘இல்லை, முடியாது’ என்று சொன்னால் அதில் பகை சிறிதும் இல்லாமலிருக்கலாம். இருப்பினும் இந்தப் பிரிவினையையும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளக் கூடாது. 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவர் விடை தொடங்க எடுக்கும் இடைவெளியை அளந்தது. மௌனத்துக்குப் பெயர்பெற்ற ஜப்பானியர்களே மிக விரைவாக விடை சொன்னார்கள். சராசரியாக நொடியில் நூறில் ஒரு பங்குகூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டவர்கள் டேனிஷ் மொழியினர்; அதுவும் அரை நொடிக்குள்தான். பொதுப்படச் சொல்லப்படுபவை எவ்வளவு எளிதில் சறுக்கும் என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை.

ஆறாம் படி: உடல், உணவு, வழிபாடு, பரிசு

பட்டியல்களுக்கு உரிய இடம் இதுதான். ஆதலால் சுருக்கமாகவே சொல்கிறேன். வணக்கம் தெரிவிக்கும் முறையை அவர் தொடங்கட்டும். அவர் கை நீட்டினால் நீட்டுங்கள். நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினால் நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். எதிர்பாலினத்தவரோடு கைகுலுக்காதவர் உங்களை இழிவுபடுத்தவில்லை. பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் ‘இல்லை’ என்று பொருள் கொள்ளும் வழக்கம் உண்டு. தாய்லாந்தில் தலையைத் தொடுவது பெரும் பிழை. கூந்தல், தலைப்பாகை, முகத்திரை ஆகியவை எவ்வளவு ஆவலைத் தூண்டினாலும் தொடுவதற்கு உரியவையல்ல. படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

விருந்தழைக்கும்போது, ‘நீங்கள் உண்ணாதவை எவை?’ என்று முன்னதாகவே கேட்டுவிட்டால் மேசையில் சங்கடம் நேராது. சமய விதியால் விலக்கியவற்றைக் ‘கொஞ்சம் சுவைத்துப் பாருங்களேன்’ என்று வற்புறுத்துவதும், மது அருந்தாதவரிடம் காரணம் கேட்பதும் விருந்தோம்பல் ஆகாது. கூட்டங்களுக்கு நாள் குறிக்கும்போது நாட்காட்டியைப் பாருங்கள். ரமலான் மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னகர்கிறது. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை கதிரவன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது. பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் மரபுவழித் திருச்சபைகள் கிறிஸ்துமஸை ஜனவரி 7 அன்று கொண்டாடுகின்றன. சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே ஏதேனும் ஒரு நாளில் வரும்.

பரிசுகளில் கடிகாரத்தைச் சீனர்களிடையே தவிர்ப்பது நலம். ‘கடிகாரம் அளித்தல்’ என்பது அம்மொழியில் ‘இறுதிக் காலத்தில் உடனிருத்தல்’ என்பதைப்போல ஒலிக்கிறது. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் மலர்கள் துக்க நிகழ்வுக்கு உரியவை. இவற்றைப் பொருட்படுத்தாத சீனர்களும் ரஷ்யர்களும் ஏராளமாக உண்டு என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பார்வையாளராக இல்லாமல் உடன் உழையுங்கள்

ஆண்டுக்கொரு முறை பலநாட்டு ஆடைகளும் நடனங்களும் மேடையேறும் விழா இனிமையானது. ஆனால் அங்கே ஒருவர் காட்சிப்பொருள், மற்றவர் பார்வையாளர். தப்பெண்ணம் குறைய எத்தகைய தொடர்பு உதவும் என்பதை உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் நான்கு நிபந்தனைகளாக வகுத்தார்: இரு தரப்பாருக்கும் சம நிலை, பொதுவான இலக்கு, போட்டியற்ற கூட்டுழைப்பு, நிறுவனத்தின் அல்லது சட்டத்தின் ஆதரவு. 2006இல் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குழுக்களிடையே தொடர்பு ஏற்படுவது பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்பது உறுதிப்பட்டது; இந்த நிபந்தனைகள் இருந்தால் பலன் கூடுகிறது, இல்லாவிட்டாலும் ஓரளவு கிட்டுகிறது. எனவே ஒரு பணிக்குழுவிலோ மாணவர் விடுதியிலோ குடியிருப்புச் சங்கத்திலோ புதியவர் இருந்தால், அவரை வரவேற்றுப் பேசிவிட்டு நின்றுவிடாதீர்கள். முடிவெடுக்கும் வேலையில் ஒரு பங்கை அவரிடம் ஒப்படையுங்கள். தேநீர் ஊற்றும் வேலை எப்போதும் அவரிடமே வந்து சேர்கிறதா என்றும் பாருங்கள்.

எட்டாம் படி: பிழை நேர்ந்தால்

நேரும், எத்தனை கவனம் இருந்தாலும் நேரும். அப்போது, ‘நான் சொன்னது தவறு, மன்னியுங்கள், இனி இப்படிச் சொல்ல மாட்டேன்’ என்று சுருக்கமாகச் சொல்லி நிறுத்துங்கள். ‘நான் அந்தப் பொருளில் சொல்லவில்லை’ என்று தொடங்கும் நீண்ட விளக்கம், காயப்பட்டவரை நீதிபதியாக்கி உங்கள் நல்லெண்ணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. ‘உங்களுக்கு வருத்தமாக இருந்திருந்தால் மன்னிக்கவும்’ என்பதும் மன்னிப்பன்று. குற்றத்தை அவருடைய மென்மையின் மேல் ஏற்றும் தந்திரம் அது. அளவுக்கு மீறி வருந்தி, கடைசியில் அவரே உங்களைத் தேற்றும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுவதும் கூடாது.

பிறர் பிழை செய்யும்போது நீங்கள் உடனிருந்தால், சிரிக்காமலிருப்பதே முதல் உதவி. ‘அதில் என்ன வேடிக்கை என்று எனக்கு விளங்கவில்லையே’ என்று அமைதியாகக் கேட்டால் கேலி செய்தவர் விளக்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திவிடுவார். பிறகு தனியாகப் போய்ப் பாதிக்கப்பட்டவரிடம், ‘நான் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?’ என்று கேளுங்கள். அவர் அதைப் பெரிதாக்க விரும்பாவிட்டால், அவர் சார்பில் நீங்கள் போர் தொடுக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: மதிப்பின் எல்லையை அறியுங்கள்

பிற பண்பாட்டை மதிப்பது என்றால், அதன் பெயரால் நடக்கும் எல்லாவற்றையும் ஏற்பதா? 2001 நவம்பர் 2 அன்று யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பண்பாட்டுப் பன்மை பற்றிய உலகளாவிய அறிக்கை, பன்மையைப் போற்றும் அதே மூச்சில் தன் 4ஆம் பிரிவில் ஒரு வரம்பையும் வைக்கிறது: பன்னாட்டுச் சட்டம் உறுதியளித்த மனித உரிமைகளை மீறவோ குறைக்கவோ எவரும் பண்பாட்டுப் பன்மையைக் காரணம் காட்டக்கூடாது.

நடைமுறையில் இதை நான் இரண்டு கேள்விகளாக்கிக்கொள்கிறேன். இந்த வழக்கத்தால் யாருக்கேனும் தீங்கு நேர்கிறதா, அல்லது எனக்கு அது புதிதாக இருப்பதால் மட்டும் உறுத்துகிறதா என்பது முதலாவது; புதுமை மட்டுமே காரணம் என்றால் விலகி நிற்பதே முறை. தீங்கு உண்டு என்றால், அந்தச் சமூகத்துக்குள்ளேயே அதை எதிர்ப்பவர்கள் யார், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது இரண்டாவது. எந்தப் பண்பாட்டிலும் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதில்லை. மூத்தவர்கள் மரபு என்று சொல்வதை அதே வீட்டின் மகள் சுமை என்று சொல்லக்கூடும். அந்த மகள் உங்களிடம் வந்து உதவி கேட்டால், ‘அது உங்கள் பண்பாடு, நான் தலையிட மாட்டேன்’ என்று ஒதுங்கிக்கொள்வதை மரியாதை என்று சொல்ல முடியாது. அவரும் அந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவர்தாமே. அவர் கேட்டது எதுவோ அதை, அவருக்குப் பாதுகாப்பான வேகத்தில், அவர் குறித்த அளவுக்குச் செய்யுங்கள்.